சட்டைக் கையில் ஒட்டிய நிறம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று திகைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம். பயப்படாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் எனக்குத்தான் இன்னும் பித்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. சலவைக் கடையில் நேற்று ஒருவருடைய கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு போனார் என்பது வேறு கதை.

எல்லாம் நீ எனக்காகச் சந்தா கட்டி மாதாமாதம் வரவழைக்கிற அந்த அழகுசாதனப் பெட்டியில் தொடங்கியது. முதல் பெட்டியைப் பிரித்தபோது, விரல் நீளம்கூட இல்லாத ட்யூப்களைப் பார்த்துவிட்டு, “என்ன, பொம்மைக்கு அலங்காரமா?” என்று உன் அப்பா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சீரத்தை நான் ஆசை ஆசையாகத் தடவி முடித்த பிறகுதான், அது நத்தையின் கோழையில் செய்தது என்று உன் அத்தை அட்டையைப் படித்துச் சொன்னாள். நான் முகத்தைத் தேய்த்துக் கழுவிய வேகத்தில் இருந்த தோலும் கையோடு வந்திருக்கும். இன்னொரு மாதம் கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை விட்ட ஈரக் காகிதம் ஒன்று வந்தது. அதை முகத்தில் ஒட்டிய மறதியில் கதவைத் திறந்துவிட்டேன். கூரியர்காரர் கையெழுத்துக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சொல்லாதது ஒன்று உண்டு. பெட்டியில் வரும், முகத்தில் பூசுகிற தோல் நிற ஃபவுண்டேஷன் ட்யூப் மட்டும் ஒவ்வொரு மாதமும் காணாமல் போனது. நான் அதைத் தொடுவதில்லை. இந்த வயதில் முகத்துக்கு வெள்ளையடித்து யாரைக் குடிவைக்கப் போகிறேன்? நீ வரும்போது எடுத்துக்கொள்வாய் என்று கண்ணாடி மேசை இழுப்பறையில் போட்டு வைப்பேன். அடுத்த முறை பார்த்தால் இருக்காது. உன் அத்தை மேல்தான் சந்தேகம். ஒருநாள் ஜாடையாக, “என்ன, முகம் இப்பல்லாம் பளபளன்னு இருக்கு?” என்று கேட்டேன். அவள் பூரித்துப் போய், “நிஜமாவா அண்ணி? வெறும் சோப்புதான்” என்றாள். வெட்கத்தில் அவளுக்கு ஒரு டீ அதிகமாகப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம்தான் அந்தச் சட்டை. துவைக்கப் போடும்போது பார்க்கிறேன், அப்பாவுடைய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையில், உள்பக்கம், தோல் நிறத்தில் ஒரு தீற்றல். காலரிலும் லேசாக. ஊரார் துணியில் கறை பார்த்துப் பிழைக்கிறவள் நான். ஆண்பிள்ளைச் சட்டையில் இந்தக் கறை வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வீட்டுச் சட்டைகளில் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். என் வீட்டுச் சட்டையிலேயே வரும் என்று நினைக்கவில்லை. வாஷிங் மெஷின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக மனதில் வந்தது. முதுகு வலி என்று சொல்லி அவர் ஹாலில் படுக்க ஆரம்பித்தது. டீ டம்ளரைக் கையில் வாங்காமல், “அங்க வச்சிடு” என்பது. துண்டைத் தனியாகக் காயப்போடுவது. வேகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நீ கேட்டால் சிரிப்பாய், ஒருநாள் மதியம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே போய் நின்று வேவு பார்த்தேன். உள்ளே முதலாளி இருந்தார், அப்பா இருந்தார், கண் பரிசோதிக்கும் அம்மாள் இருந்தார். அந்த அம்மாளுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அவரையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

அந்த வாரமே உன் பெட்டி வந்தது. ஃபவுண்டேஷனைப் பிதுக்கி, ஒரு வெள்ளைத் துணியில் தடவி, சட்டைக் கறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே வாசனை. நீ என் நிறத்தைச் சொல்லி வரவழைத்த க்ரீம். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நிறம், கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்து அண்ணன் தங்கையா என்று கேட்டவர்கள் உண்டு. இவ்வளவு தெரிந்தும் என் மரமண்டைக்கு ஏறவில்லை.

மறுநாள் காலை ஈரத்துணியை எடுக்கக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். அந்தத் தாழ்ப்பாள் சரியாக விழாது, உனக்கே தெரியும். அப்பா பனியனோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். வலது கை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு தாண்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. வாயைச் சுற்றியும் ஒரு வெள்ளை வட்டம். இடது கையில் உன் பெட்டியில் வந்த உதட்டுச்சாயத் தூரிகை. அதால் ஃபவுண்டேஷனைத் தொட்டுத் தொட்டு விரல் விரலாகப் பூசிக்கொண்டிருந்தார்.

நான் அலறிவிட்டேன். அவர் கையை மறைக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, “கிட்ட வராதே” என்றார். பிறகு மெதுவாக, “தொத்தாதுன்னுதான் போன்ல தேடின எல்லாத்துலயும் போட்டிருக்கு. இருந்தாலும் நீ கிட்ட வராதே” என்றார்.

சிட்டு, அந்த வார்த்தையை என்னால் எழுதத்தான் முடிகிறது, நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஹாலில் படுத்தது, டம்ளரை வாங்காதது, துண்டைத் தனியாகப் போட்டது எல்லாம், என்னை விட்டு விலகுகிறார் என்று நான் நினைத்த அத்தனையும், எனக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று அவர் செய்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

முக்காலியில் உட்கார வைத்துக் கேட்டேன். ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளியாகத் தொடங்கியதாம். கடையில் ஒரு பெண்மணிக்கு ஃப்ரேம் போட்டுக் காதோரம் சரி செய்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் கண்ணாடியில் இவர் விரலைப் பார்த்து முகத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாராம். முதலாளியைக் கூப்பிட்டு, “வேற யாரையாவது போடச் சொல்லுங்க” என்றாராம். அன்றைக்கு வந்துதான் என் இழுப்பறையைத் திறந்திருக்கிறார். அதற்குப் பிறகு எதைத் தடவினால் போகும் என்று உன் பெட்டியில் வந்த ஒன்றையும் விடவில்லை. நத்தையையும்தான். தோலை உரித்துப் புதுத்தோல் வரவைக்கும் என்று ஏதோ ஒன்று வந்ததே, அதை வாயைச் சுற்றித் தடவிப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறார். சூடான டீ பட்டது என்று என்னிடம் சொன்னார். ஆறவைத்துக் குடிக்கத் தெரியாதா என்று நானும் திட்டித் தீர்த்தேன்.

அன்றே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண்ணாக இருக்கும். கையுறைகூடப் போடாமல் அப்பாவின் கையைத் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள். இவர் உருவப் பார்த்தார், அவள் விடவில்லை. “இது வெண்புள்ளிங்க. தோல்ல நிறம் மட்டும் போகுது. தொட்டா ஒட்டாது, ஒண்ணா சாப்பிட்டா ஒட்டாது, பக்கத்துல படுத்தா ஒட்டாது” என்றாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். களிம்பும் ஒளி சிகிச்சையும் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நான் கேட்க வேண்டியதையும் கேட்டேன், பிள்ளைகளுக்கு வருமா என்று. சில குடும்பங்களில் வருவதுண்டு, பெரும்பாலும் வராது, உறுதியாக யாராலும் சொல்ல முடியாது என்றாள். உன்னிடம் நான் அதை மறைக்க மாட்டேன்.

வைத்தியம் ஆரம்பித்த பிறகும் அவர் பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, கூட்டமான நேரமாகப் பார்த்து அந்தக் கடைக்கே போய் உட்கார்ந்தேன். ஃப்ரேமோடு வந்தவரிடம், “கையக் கழுவிட்டு வந்து போட்டு விடுங்க” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் உள்ளே போய், க்ரீமைக் கழுவிவிட்டு வெறும் கையோடு வந்தார். காதில் மாட்டும்போது அவர் விரல் சில்லென்று இருந்தது. காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர் தன் கண்ணாடியைக் கழற்றி, “எனக்கும் இந்தத் திருகாணியைப் பாருங்க” என்று அப்பாவிடம் நீட்டினார். கண் பார்க்கும் அம்மாள் வந்து, என் ஃப்ரேம் இடதுபக்கம் இறங்கியிருக்கிறது, தூக்கி வை என்று அப்பாவை அதட்டினார்.

வீடு வரும்வரை அப்பா எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். நாலு பேர் நடுவில் நான் செய்தது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் டீயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது எழுத வந்த விஷயம். அடுத்த மாதம் நீயும் உனக்குப் பிடித்தவரும், அவர் அப்பா அம்மாவும் கல்யாணம் பேச இங்கே வருகிறீர்கள். அன்றைக்கு வேலையாக வெளியூர் போய்விடுவதாக அப்பா முதலில் சொன்னார். சண்டை போட்டு நிறுத்தினேன். நேற்று வந்து, “கை குலுக்கினாலும் போகாத க்ரீம் ஏதாவது இருக்கான்னு சிட்டுகிட்ட கேளு. எனக்குன்னு சொல்லாதே” என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அதை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை.

நீயே அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, கண்ணு. டாக்டர் சொன்னது, அவளால் உறுதியாகச் சொல்ல முடியாதது, இரண்டையும் சொல். என்ன பதில் வந்தாலும் அப்பாவிடம் போனில் சொல்லாதே, எனக்கும் விவரம் எழுத வேண்டாம். அவர்கள் வருவதாக இருந்தால் எத்தனை பேர் என்று மட்டும் சொல், கூட்டி மெழுகி வைக்கிறேன். இல்லையென்றால் நீ மட்டும் வா. முன்னாலேயே கிளம்பி வா. அப்பாவும் நானும் உன்னை அழைத்துப் போக ஸ்டேஷனுக்கு வருவோம்.

எங்கே இருந்தாலும் நீ மனம் நிறைந்து வாழ வேண்டும்.

உன்,
அம்மா