உன் அண்ணன் போட்ட பதிவு

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். விரலில் ஷூ ஒட்டும் பசையின் வாடை. உன் முதலாமாண்டு நினைவுக்கு உன் அண்ணன் ஒரு பதிவு போட்டிருந்தார். ‘பொறுமையின் சிகரம், அதிர்ந்து பேசாத அன்பின் வடிவம்.’ ஏதோ செயலியிடம் கேட்டு வாங்கிய வரிகள். உன் பெயரை எடுத்துவிட்டால் செத்துப்போன யாருக்கும் பொருந்தும்.

நீயா அதிர்ந்து பேசாதவள்?

ஆலங்காயத்துக்கும் ஆம்பூருக்கும் போய்வரும் இதே பஸ்ஸில்தான் என் போனைப் பிடுங்கித் தமிழ் கீபோர்டு போட்டுக்கொடுத்தாய். “இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிக்காதடி, படிக்கவே பேஜாரா கீது.” பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, அதையும் முயன்றோம். உன்னை விட்டுப்போன புருஷனைப் பற்றி “அவன் போய்ட்டான்” என்று நீ சொன்னாய். ‘அவன் பொய் தான்’ என்று வந்தது. “கரெக்டாத்தான் கேட்டிருக்குது” என்றாய். பஸ்ஸே சிரித்தது.

பிறகு கட்டைவிரலாலேயே எழுதப் பழகினாய். அடித்து, அழித்து, கீழே இருந்த வரியை மேலே ஏற்றி, எனக்கு வாசித்துக் காட்டுவாய். கம்பெனியில் நாம் ஷூ ஒட்டும் லைனில் பாத்ரூம் போகக் கேட்டு நின்ற கர்ப்பிணியைச் சூப்பர்வைசர் கேலி செய்ததை, ஒரு சொல் குறைக்காமல் எழுதி முகநூலில் போட்டாய். மறுநாளே உன்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

கம்பெனிக்காரனை விடு. வீட்டில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த எழுத்து?” என்று உன் அண்ணன் போனைப் பிடுங்கி, முகநூலில் போட்டது, போடாதது எல்லாவற்றையும் அழித்தார். நான் உன்னைப் பார்க்க வந்தபோது, “மறுபடியும் எழுதுவேன்டி” என்றாய். அதற்குள் காய்ச்சல் வந்தது. “ஜுரம்தானே, ஜாஸ்தி அலட்டிக்காத” என்று படுக்கவைத்தவர், உனக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்.

அந்தப் பதிவின் கீழே நான் எழுதினேன்: ‘எழுதியதற்காக இவளுக்கு வேலை போனது. எழுதியதையெல்லாம் அழித்தது நீங்கள்.’

உடனே போனில் கூப்பிட்டார். “இன்னாம்மா எழுதி வெச்சிக்கீற? எடுத்துடு.”

“எடுக்க மாட்டேண்ணா.”

நான் எழுதியதை அவரே நீக்கிவிட்டு என்னையும் பிளாக் செய்துவிட்டார். அவர் பதிவின் கீழே இந்நேரம் கும்பிடும் கை எமோஜிகளாகக் குவிந்துகொண்டிருக்கும்.

நீ வாசித்துக் காட்டியதில் சில வரிகள்தான் எனக்கு நினைவிருக்கின்றன. அவற்றை என் பக்கத்தில் உன் பெயரோடு போட்டேன். நடுவில் வர வேண்டியது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் சொல்லை வைத்து நிரப்பவும் மனசில்லை. உன் கோபம் அப்படியே என்னிடம் இருக்கிறது. உன் எழுத்து இல்லை.