10,22,117 பகா எண்ணா?

2, செவ்வாய்
விடாத மழை. சிறுசேரி ஆபீஸ் வாசலில் இடுப்பளவு தண்ணீர். மாற்று செக்யூரிட்டி வரவில்லை. கரண்ட் இல்லை, நெட் இல்லை. சூப்பர்வைசர் போனில்: "பஸ்ஸே ஓடல எஸ்தரு. கேட்ட வுட்டு எங்கியும் போவாத." நேற்றுக் காலை போட்ட யூனிஃபார்ம். ஒரே ஈரம். செய்யூரில் அம்மா தனியாக.

மாடியில் ஒன்பது பேரும் பெருக்கித் துடைக்கும் அஞ்சலைக்காவும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிஸ்கட் கொடுக்கப் போனேன். டீம் லீடர் விவேக் சார் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்: 10,22,117. "இது பகா எண். இல்லன்னா போனத் தொடாம நிரூபிங்க பாப்போம்." யாரும் அசையவில்லை. உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

3: இலக்கங்களைக் கூட்டினால் 14. வகுபடாது.
7, 13: இரண்டிலும் மீதி 5.
17: மீதி 9.

3, புதன்
மழை. குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது. தலை அரிப்பு. கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் பதினெட்டு அடி, அவ்வளவுதான் என் உலகம்.

211 வரை வகுத்தாயிற்று. எதிலும் மாட்டவில்லை. எதுவரை போவது? வர்க்கமூலம் ஆயிரத்துச் சொச்சம். சரியாகத் தெரிய 1011-ஐ அதாலேயே பெருக்கினேன். 10,22,121. நாலுதான் அதிகம்! நாலு, இரண்டின் வர்க்கம். அப்படியானால் 1011-ல் இரண்டைக் கழி, இரண்டைக் கூட்டு. 1009 × 1013. மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். பகா எண் இல்லை!

யாரிடம் சொல்ல? பத்தாவது என்று எழுதிக்கொடுத்துத்தான் சேர்ந்தேன். டிகிரி படித்தவர்கள் நிலைக்க மாட்டார்களாம், ஏஜென்சியில் எடுப்பதில்லை.

மேலே பிரெட் கொடுக்கிற நேரம், எல்லோரும் பக்கத்து அறையில். பலகையில் இடமில்லை. கீழே இருந்த இங்கிலீஷ் வரிகளைத் துடைத்துவிட்டு விடையை எழுதினேன். ஓடி இறங்கினேன்.

4, வியாழன்
தூறல். தண்ணீர் முழங்கால் வரை வடிந்தது. சூப்பர்வைசரும் மாற்று ஆளும் வந்தார்கள்.

மாடியில் சத்தம். விவேக் சார்: "போர்டுல எழுதி வெச்சிருந்த ரெண்டு நாள் வேலைய யாரோ அழிச்சிட்டாங்க. இந்த ரூமுக்குள்ள நீங்கதானே வர்றீங்க?" அஞ்சலைக்கா அழுதுகொண்டு, "நான் தொடல சார், எனக்கு எழுதவே தெரியாது." சூப்பர்வைசர்: "இவள அனுப்பிடலாம் சார்."

ஒரு நிமிடம் வாயே திறக்கவில்லை நான். அதை இங்கேயாவது எழுதிவைக்கணும்.

"நான்தான் சார்."

பலகையில் போட்டுக் காட்டினேன். விவேக் சார் பெருக்கிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு... என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. மேத்ஸ்."

சூப்பர்வைசர்: "பத்தாவதுன்னு எழுதிக் குட்த்த? பொய் சொல்லிகினு கேட்ல நின்னியா? யூனிஃபார்மக் குட்த்துட்டுக் கெளம்பு."

விவேக் சார் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாற்றுத் துணி இல்லை. அஞ்சலைக்கா தன் பையிலிருந்து ஒரு புடவையை நீட்டினாள். "கட்டிகினு போ. அப்பால குடு."

புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.