இரண்டாவது ஜோடி

20.8.2006, ஞாயிறு

இன்று ரபீக்கிடம் பொய் சொல்லிவிட்டேன். கல்லூரி நாளிலிருந்தே பாட்டு விஷயத்தில் அவன் என் காதைத்தான் நம்புவான். புது ஸ்பீக்கர் வாங்க வேண்டுமென்று கடைக்காரரிடம் சொல்லி, விலை கூடிய இரண்டு ஜோடிகளைப் பல்லாவரம் வீட்டுக்கே வரவழைத்திருந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாலையே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவன் மனைவி நூர்ஜஹான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டாவதுல அந்த ஜால்ரா சத்தம் காதுல குத்துதுங்க."

அந்தப் பாட்டில் ஜால்ரா இருந்ததே எனக்குக் கேட்கவில்லை.

"நீ சொல்லு மச்சான்."

"ரெண்டாவதையே வச்சுக்கோடா. அதுதான் தெளிவா இருக்கு." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கேக்கத் தெரிஞ்சவன் சொல்றான் பாரு," என்று மனைவியிடம் சிரித்தான். அவர் உள்ளே போய்விட்டார். முதல் ஜோடியை ஆட்டோவில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். வலது காதில் லேசாகக் கேட்டது. இடது காதில் ஒன்றுமே இல்லை.

என் மனைவி கமலாவிடம் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒரு மாதமாக என்மேல் கோபமாக இருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் அவள் கோபமாகவே இருக்கட்டும்.