தம்பிக்கென மூட்டிய அடுப்பு

12.9.2024, சக்குபள்ளம்

ஏலக்காய் உலர்த்தும் எங்கள் ஸ்டோர் இம்மாதமும் நட்டத்தில்தான் ஓடுகிறது. சிறு விவசாயிகளின் காயை இனி கூலிக்கு உலர்த்த எடுக்க வேண்டாம் என்கிறான் மகன் அருண்பாண்டி. ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு பெயர்ச்சீட்டு, தொந்தரவாம். நிறுத்தினால் தட்டு அடுக்கும் சந்தனத்துக்கும் வேலை போய்விடும். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. விறகு, கூலி, மின்சாரம் அனைத்தையும் மொத்தக் கிலோவால் வகுத்து வைத்திருக்கிறான். கல்லூரியில் செலவுக் கணக்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். வீட்டில் எவரும் என்னிடம் பாடம் கேட்டதில்லை.

13.9

மழை. முழங்கால் வலி. வேறொன்றுமில்லை.

15.9

அடுப்புக்குக் காயின் எடை தெரியாது. உலர்த்தும் அறை நிறைந்திருந்தாலும் பாதி காலியாகக் கிடந்தாலும், மூட்டினால் விடியும்வரை எரிந்தாக வேண்டும். ஆகவே கிலோவை விட்டுவிட்டு, யாருக்காக எத்தனை முறை மூட்டினோம் என்று பார்த்தேன். சிறு விவசாயிகளின் காய் ஒன்றாகச் சேர்ந்து அறையை நிரப்பிவிடுகிறது. பாதி அறையில் தனியாக உலர்வது என் தம்பி மொக்கையனின் காய். மைத்துனன் காயை ஊரார் காயோடு வைப்பதில்லை, வந்த அன்றே மூட்டிவிடுவது: இது என் கணவர் தொடங்கிய மரியாதை. அவர் போய்விட்டார், மரியாதை மட்டும் விறகு தின்றுகொண்டிருக்கிறது.

18.9

மொக்கையனை வரவழைத்துச் சொன்னேன்: இனி மற்றவர் காயோடுதான். தனி அறை வேண்டுமென்றால் முழு அறைக்கான கூலி. தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"யக்கா, மாமா இருந்தா இப்படிச் சொல்லிருப்பாரா?"

"மாட்டாரு. அதான் நான் சொல்ல வேண்டியிருக்கு."

"எங்காயும் கண்டவன் காயும் ஒண்ணா?"

"அடுப்புக்கு ஒண்ணுதான்டா."

எழுந்து போய்விட்டான். இந்த வயசுல கூடப்பொறந்தவனும் போயிட்டா எனக்கு மிச்சம் யாரு? - இதையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டுமோ? சரி, போதும்.

27.9

மொக்கையனின் காய் வேறொரு ஸ்டோருக்குப் போகிறதாம். அங்கே ஊரார் காயோடு சேர்த்துத்தான் வைக்கிறார்களாம். சந்தனம் சிரிக்காமல் சொன்னாள். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

20.10

அடுப்பு மூட்டும் நாட்கள் குறைந்துவிட்டன, நட்டமும் நின்றது. சிறு விவசாயிகளை நிறுத்தும் பேச்சை அருண்பாண்டி எடுப்பதில்லை. இன்று சந்தனத்தோடு நின்று அவனே பெயர்ச்சீட்டு கட்டினான்.

மொக்கையனின் பேத்திக்குக் காதுகுத்து. வெற்றிலை பாக்கோடு வீடேறி வந்து அழைக்கவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.

"போவீங்களாம்மா?" என்றாள் சந்தனம்.

"போகாம? ஜீப்புக்குச் சொல்லியாச்சு."

ஜீப் வாடகையையும் சீர்ப் பணத்தையும் அருண்பாண்டி வழக்கம்போல் ஸ்டோர் செலவில் எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு என் பென்ஷன் கணக்கில் எழுதினேன். மொக்கையன் எனக்குத்தான் தம்பி.