கண்காட்சி மேஜையில் ஒரு தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. விடுமுறை நாளில் நான் மண்பாண்டம் பழகப் போகும் மையத்தில், நாங்கள் செய்த தட்டு, கிண்ணம், கோப்பைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். நீண்ட மேஜையில் விருந்துக்குப் போல அடுக்கி, நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேராகப் போனவள், என் தட்டின் முன்னால் சற்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான், மேஜையில் தலை சாய்த்து அசந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது என்னைச் சுற்றியிருந்த பாத்திரங்களையெல்லாம் தள்ளி வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா பக்கத்தில் காவல் நின்றார்.

“எழுப்பியிருக்கலாமே அக்கா, மானமே போச்சு” என்றேன்.

“பாக்க வந்தவங்களே செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தாங்கம்மா, உன் தூக்கம் கலையக் கூடாதுன்னு. நான் எதுக்கு எழுப்பணும்?” என்றார்.

சிரித்துச் சமாளித்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினேன்.

அந்தத் தட்டை ஊருக்கு வரும் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். கொஞ்சம் கோணல், எதை ஊற்றினாலும் ஒரு பக்கமாக ஓடும். திட்டாதே. விருந்தாளிக்கென்று எடுத்து வைக்காமல் நீயே அதில் சாப்பிடு.

இன்னொன்று அம்மா. இரவு வேலை முடிந்து வந்து தனியாகப் படுத்தால் தூக்கமே வருவதில்லை. காலையில் சமைக்கும்போது எனக்குப் போன் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடு. பேச வேண்டாம். நீ பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டால் போதும், தூங்கிவிடுவேன்.

தோழி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள், முடிக்கிறேன்.

உன் மகள்