சுவரைப் பார்த்த நாற்காலி

பிப்ரவரி 3

இதே மேஜையில் மாலையில் உட்காருபவருக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. நான் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன், நீங்கள் மூன்று மணிக்கு வருகிறீர்கள். ஆனாலும் உங்களைக் கொஞ்சம் தெரியும். விசைப்பலகைக்குள் பிஸ்கட் தூள், ஹெட்செட் பஞ்சில் தைல வாசனை.

குறை சொல்ல எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெறும்வரை குறை சொல்லியே அலுத்துப்போனவள் நான். ஓர் உதவி கேட்கத்தான். என் வீட்டுக்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறது. உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமலிருக்க தினமும் மருந்து சாப்பிடுகிறார். ஓர் உதாரணம் சொல்கிறேன். வந்த விருந்தாளியைக் கடித்துவிடக் கூடாதென்று வீட்டு நாயைக் கட்டிப்போடுகிறோம். கட்டிப்போட்ட நாய் திருடன் வந்தாலும் என்ன செய்யும்? அதுதான் அவர் நிலைமை. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாகப் போவது அவருக்கு ஆஸ்பத்திரி. அந்த மருந்தோ இந்த வேலையோடு வரும் காப்பீட்டில்தான் கிடைக்கிறது. அதனால் வேலையையும் விட முடியாது.

ஊரே தொடும் கதவுக் கைப்பிடிக்கு நான் என்ன செய்ய? முழங்கையால் தள்ளிக்கொண்டு போகிறேன். பார்ப்பவர்கள் இந்த வயதில் நாட்டியம் பழகுகிறாள் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஹெட்செட் நம் இருவருடையது மட்டும். கிளம்பும்போது ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை துடைத்து வைப்பீர்களா? பஞ்சும் பாட்டிலும் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன.

அலுப்போடும் அன்போடும்,
காலைக்காரி


பிப்ரவரி 3, மாலை

காலைக்கார டீச்சருக்கு,

பிஸ்கட் என்னுடையதுதான். ராத்திரிச் சாப்பாடே அதுதான். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன், இன்னொரு ஆள் பசியாறும் அளவுக்கு விழுந்தது! தைலம் தலைவலிக்கு. "ஏம்மா, குழாயில வெறும் காத்துதான் வருது. அதைப் பிடிச்சுக் குடிக்கவா?" என்று இன்று ஒருவர் போனில் கேட்டார். தண்ணீர்ப் புகார் எடுக்கிற வேலையில் தலை வலிக்காமல் வேறென்ன செய்யும்? உங்களுக்குத் தெரியாததா.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்தாலும் நான் வேலைக்கு வருவேன். தப்பு என்று தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் அடுத்த மாத அட்டவணையில் சூபர்வைசருக்கு என் ஞாபகமே இருக்காது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிப்பது நான் ஒருத்தி. வர மாட்டேன் என்று உங்களுக்குப் பொய் வாக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

அதனால் ஒரு யோசனை. எனக்குத் தும்மல் வந்தாலே போதும், போகும்போது நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறேன். கண்டால் கிட்டே வராதீர்கள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து மேஜை காலியாகத்தான் கிடக்கிறது. சீட்டு எழுதி வைக்க மாட்டேன். மூக்கைத் துடைத்த கையால் எழுதிய சீட்டை நீங்கள் எடுத்துப் படிப்பதற்கு, நான் நேராக உங்கள் முகத்திலேயே தும்மிவிடலாம்.

மாலைக்காரி


பிப்ரவரி 20

அன்புள்ள மாலைக்காரிக்கு,

போன வாரம் நாற்காலி சுவரைப் பார்த்து நின்றது. வகுப்பில் பேசியதற்காக நிற்கவைத்த பிள்ளை மாதிரி இருந்தது, பாவம். நான்கு நாள் ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் வெந்தேன். ஆனால் வீட்டில் அவருக்கு ஒன்றுமில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். (நீ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

உன் கடிதங்களில் இருப்பதையெல்லாம் அவருக்குச் சொல்கிறேன். நான் வீட்டுக்குப் போனால் செருப்பு வெளியே, துணி வாளியில், குளியல், அதற்குப் பிறகுதான் அவர் பக்கத்தில். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "என்னைப் பார்க்க இவ்வளவு சம்பிரதாயமா? நான் என்ன மந்திரியா? மாலைக்காரி என்ன எழுதினா, அதைச் சொல்லு முதல்ல!" பகல் முழுக்க அவருக்குப் பேச்சுத்துணை சுவர்க்கடிகாரம்தான். அதனால்தான் இரண்டு மணி அடித்ததும் நான் ஓடுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் துப்புரவுக்காரர் தரையை எப்படி வைத்திருக்கிறார், கவனித்தாயா? நடக்கவே கூச்சமாக இருக்கிறது. நாம் இல்லாத நேரத்தில் வந்து போகிறார் போல.

அன்புடன்,
காலைக்காரி


மார்ச் 14

மாலைக்காரிக்கு,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். இன்று விடுப்பு விண்ணப்பம் கொடுக்க வரும்போது இழுப்பறையில் வைத்துவிடுவேன்.

திங்கட்கிழமை காலையில் நாற்காலி நேராகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன், ஹெட்செட்டை மாட்டினேன். மத்தியானம் சூபர்வைசர் வந்து, "அய்யய்யோ, நீங்க இங்கயா உட்கார்ந்தீங்க? அந்தம்மா நேத்து ராத்திரி பூரா ஒரே இருமல் கச்சேரி" என்றார். என் வீட்டுக்காரருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மூச்சு வாங்குகிறது.

வேலைக்கு வருவதை நான் தப்பாகச் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

காலைக்காரி


மார்ச் 14, இரவு

டீச்சர்,

திருப்பித்தான் வைத்தேன். பிள்ளைகள் மேல் ஆணை என்று எழுதப் பேனாவை எடுத்தேன், விட்டுவிட்டேன். ஆணையிட்டாலே பொய் மாதிரி ஆகிவிடுகிறது. காய்ச்சலில் கண் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொருமுறை பார்த்தேன்.

பிறகு எப்படி நேராக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நானே என்னை நம்பலாமா என்று சந்தேகமாக இருக்கிறது. அவர் எப்படி இருக்கிறார்?

மாலைக்காரி


மார்ச் 25

டீச்சர்,

என் கடிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். ஒருவரும் எதையும் துடைப்பதில்லை. நான் மட்டும் வரும்போதும் துடைக்கிறேன், போகும்போதும் துடைக்கிறேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"டீச்சர் வீட்டுல எப்படி இருக்கு?" என்று சூபர்வைசரிடம் கேட்டேன். "லீவு நீட்டிச்சிருக்காங்க" என்றார். அதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது. ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மாலைக்காரி


ஏப்ரல் 10

அன்புள்ள மாலைக்காரிக்கு,

அவர் போய்விட்டார். மார்ச் மாதக் கடைசியில். நுரையீரல் தாங்கவில்லை.

எங்கிருந்து தொற்றியது என்று டாக்டரைக் கேட்டேன். "பஸ்ஸா இருக்கலாம், லிஃப்டா இருக்கலாம், ஏன், எங்க ஆஸ்பத்திரியாகவே இருக்கலாம்மா. அதைத் தேடாதீங்க" என்றார். நான் தேடினேன். யார் மேலாவது கோபப்பட்டால் அழுகை கொஞ்சம் தள்ளிப்போகிறது.

நேற்று வேலைக்குத் திரும்பினேன். உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். இன்று பொழுது விடிந்ததுமே கிளம்பி வந்துவிட்டேன், வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்தத் துப்புரவுக்காரர் அப்போதுதான் கடைசி வரிசையில் நாற்காலிகளை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். பிறகு என் நாற்காலியைக் காட்டிக் கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"நாற்காலின்னா ஒரே சீரா இருந்தாத்தானேம்மா அழகு? போன மாசம் ஒருநாள் உங்க நாற்காலி மட்டும் கோவிச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான்தான் சமாதானம் பண்ணித் திருப்பி வெச்சேன்!"

ஒழுங்காக வேலை செய்கிற மனிதர், அவரிடம் நடந்ததை எதற்குச் சொல்ல? "நல்லா இருக்கு" என்றேன். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆஸ்பத்திரியில்கூட அவர், "மாலைக்காரிக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டார். நான் போர்வையைச் சரிசெய்தேன். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலை இப்போது நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். நின்றுவிட்டதா?

நேற்றுக் கதவைக் கையாலேயே திறந்தேன். லிஃப்டில் பக்கத்தில் ஒருவர் தும்மினார், நான் நகரவில்லை. வீட்டுக்குப் போனதும் கால் தானாகக் குளியலறைக்குப் போயிற்று. குளித்து, துணி மாற்றி வெளியே வந்து, நடு அறையில் நின்றேன். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.

உடம்புக்கு முடியாவிட்டாலும் நீ வந்துதான் ஆக வேண்டும், தெரியும். ஆனால் இனி எனக்காக நாற்காலியைத் திருப்ப வேண்டாம். இரண்டு மணிக்கு ஓட வேண்டிய அவசரமும் எனக்கு இல்லை. நாளை நீ வரும்வரை இருக்கிறேன். பிஸ்கட் நான் வாங்கி வருகிறேன், நீ சாப்பிடாமல் வா. என்னை எப்படி அடையாளம் தெரியும் என்று யோசிக்காதே. எல்லா நாற்காலிகளும் மேஜையைப் பார்த்திருக்கும். நான் மட்டும் வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்,
காலைக்காரி