பீரோவில் பூட்டிய தலையணை

என்னங்க,

நைட் ட்யூட்டிக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நீங்கள் வரும்வரை எதிர்வீட்டு அக்கா பிள்ளைகளோடு இருப்பார். சின்னவன் பக்கத்தைவிட்டு நகர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை.

சின்னவனின் தலையணையைத் தேடாதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலையில் பெரியவள் அதை அவன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினேன். அவளுக்குக் கோபமே இல்லை. "பயப்படாதம்மா, சீரியல்ல செத்த மாமா நேத்து வந்துட்டாருல்ல? தம்பியும் வந்துடுவான்," என்கிறாள்.

"அஞ்சு வயசுக்கு என்ன புரியும்?" என்று அவளை மடியில் வைத்துக்கொண்டு தினமும் சீரியல் பார்த்தீர்களே!

ரிமோட் என் பையில் இருக்கிறது.

பி.கு.: அவளை அடிக்காதீர்கள். நான் செருப்பு மாட்டும்போது காதோடு கேட்டாள்: "அந்த மாமா வேற மூஞ்சியோட வந்தாரே, தம்பிக்கும் மூஞ்சி மாறிடுமா?"

சின்னவன் தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று நான்கு தடவை பார்த்துவிட்டேன். இனி நீங்கள் உட்கார்ந்து அதைப் பாருங்கள்.